சாட்சிக் கூண்டுக்கு எதிர் மேஜை

அம்மாவும் மகனும் சேர்ந்து செய்த கடைசி வேலை, அம்மாவின் காது மெஷினைச் சுத்தம் செய்தது. சனிக்கிழமை சாயங்காலம், சமையலறை மேஜையில். அம்மா பழைய துவாலை ஒன்றை நான்காக மடித்து விரித்திருந்தாள். மெஷின் ஒரு வேர்க்கடலை அளவுதான். அதிலிருந்து கழற்றும் சல்லடை கடுகளவு. தரையில் விழுந்தால் தேடுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். துவாலையில் விழுந்தால் அங்கேயே கிடக்கும்.

மகன் சின்னத் தூரிகையால் அழுக்கைத் தட்டினான். அம்மா டார்ச் பிடித்தாள். பிடிக்கத் தெரியாதவள் இல்லை. மகன் வாயைத் திறக்கும்வரை வெளிச்சம் ஆடாமல் நிற்கும். திறந்தால் போதும், மெஷினை விட்டு அவன் முகத்துக்கு ஏறிவிடும்.

“என் மூஞ்சியில என்னம்மா இருக்கு? இங்க காட்டு.”

“நீ பேசினா உன் வாயைப் பாக்காம எதைப் பாக்கிறது? மெஷினு உன் கையில இருக்கு. பேசாம வேலையைப் பாரு.”

பேசாமல் பார்த்தான். பழைய சல்லடையை இடுக்கியால் எடுத்தான், புதியதை அழுத்தினான், பேட்டரிக் கதவைத் திறந்தான். அடுத்தது அம்மாவின் பங்கு. புது பேட்டரியின் முதுகில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதை உரித்தால்தான் காற்றுப் பட்டு பேட்டரிக்கு உயிர் வரும். உரித்த கையோடு போட்டுவிடவும் கூடாது, கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும். உரித்த ஸ்டிக்கரை அம்மா எறியமாட்டாள். பிரிஜ்ஜின் பக்கவாட்டில் ஒட்டுவாள். மெஷின் வாங்கிய நாளிலிருந்து ஒட்டியவை அங்கே வரிசை வரிசையாக இருந்தன. எதற்கு என்று ஒருமுறை கேட்டதற்கு, “உங்க எல்லார் பேச்சையும் பொறுமையா காது குடுத்துக் கேட்டிருக்கேன்ல, அதுக்கு மெடல்” என்றாள்.

அன்றைக்கும் ஒன்றை ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

“நாளைக்கு நல்லா கேக்குமாடா?”

“இப்ப கேக்குதில்ல?”

“சத்தம் கேக்கும். அது எனக்குத் தெரியும். வார்த்தை கேக்குமா?”

“மாமா வீட்டுல கேக்கும். சோபா, மெத்தை, திரை எல்லாம் இருக்கும். எதிரொலிக்காது. நிமிர்ந்து பேசச் சொல்லு.”

“அதெல்லாம் நான் சொல்லிக்கிறேன். நீ வராதே. நீ பக்கத்துல இருந்தா அவனுக்கு வாய் எழாது.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் தன் தம்பி வீட்டுக்குத் தனியாகப் போவதாக இருந்தாள். மூன்று நாள் முன்பு ஓர் ஓட்டலில் அவர் அவளிடம் ஒன்றைச் சொல்லியிருந்தார். இருபது வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அது அவள் காதில் விழவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு வருவதற்காகத்தான் அந்தப் பயணம்.

அம்மா நெசவாலையில் வேலை பார்த்தவள். தறிக்கூடத்தின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. வாயை அகலமாக அசைப்பார்கள், எதிர் வரிசைத் தறியில் நிற்பவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். யார் வீட்டில் சண்டை, யாருக்கு இது எத்தனையாவது மாதம், மேஸ்திரி இன்றைக்கு யாரிடம் வழிந்தான், எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேரும். அம்மா நின்றது நடு வரிசை. எந்தச் செய்தியும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடத்தில் அவள் பெயர் ரேடியோ.

ஒருநாள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்து, எல்லாத் தறிகளையும் நிறுத்தச் சொன்னாராம். கூடம் அடங்கியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இப்ப பேசுங்க பாக்கலாம்” என்றாராம். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அம்மா மட்டும் நேராக அவரைப் பார்த்து, குரலே எழுப்பாமல், நிதானமாக ஏதோ சொன்னாள். மற்ற பெண்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். என்ன சொன்னாய் என்று அவர் ரிட்டையர் ஆகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. “உனக்குக் கல்யாணம் ஆகட்டும், சொல்றேன்” என்பாள்.

தறி அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் பறவைச் சத்தம் போயிற்று. பிறகு வாசல் மணி. பிறகு மனிதர்களின் பேச்சில் மெல்லிய எழுத்துகள் மட்டும் உதிரத் தொடங்கின. அது அப்படித்தான் போகும் என்று மகனுக்குப் பின்னால் தெரிந்தது. அவன் படித்துவிட்டு, ஆலைகளில் இரைச்சலை அளக்கும் வேலைக்குப் போனான். அம்மாவால்தானே இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்பவர்களிடம் இல்லை என்பான். அங்கேதான் இடம் காலியாக இருந்தது.

தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, படுக்கையில் விழுந்தபோது அவள் இரண்டாவது ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டாள். காலையெல்லாம் அவருக்கு ஊட்டுவதிலேயே போகும். சாப்பாட்டை மசித்து, கரண்டியை உதட்டருகே கொண்டுபோவாள். அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். கெஞ்சுவாள், மிரட்டுவாள், ஆலைக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைப்பாள். சிரிக்கும்போது வாய் திறக்குமே, அந்த நேரத்தில் உள்ளே தள்ளிவிடுவாள். ஒரு கிண்ணம் காலியாவதற்குள் ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும். அப்படியும் அவர் எலும்பும் தோலுமாகத்தான் போனார்.

மாமா அப்போது வெளியூரில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்தார். எப்போதாவது வருவார். படுக்கைக்கு இரண்டடி தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “என்னக்கா, அப்பா இப்படி இளைச்சுட்டார்” என்று கேட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்.

தாத்தா போன பிறகு வீடு யாருக்கு என்று வழக்கு வந்தது. மாமாதான் போட்டார். சாட்சிக் கூண்டில் ஏறி, “அக்கா எங்கப்பாவைப் பட்டினி போட்டுக் கொன்னுட்டா. வீட்டுக்காகத்தான் பக்கத்துல இருந்தா” என்றார். அம்மாவுக்கு அப்போது காதில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. மாமா நிமிர்ந்து நின்று, நீதிபதிக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார். அம்மா நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். காதாலும் கேட்டாள், உதட்டிலும் பார்த்தாள்.

வெளியே வந்ததும் வக்கீலிடம் வீடு வேண்டாம் என்றாள்.

“கேஸ் நம்ம பக்கம்தாம்மா இருக்கு. இன்னும் ஒரு வாய்தா பொறுத்துக்கோங்க.”

“வீட்டை அவனே வச்சுக்கட்டும் சார். அந்த வார்த்தையை மட்டும் எடுத்துக்கச் சொல்லுங்க.”

“கோர்ட்டுல அதுக்கெல்லாம் வழி இல்லம்மா.”

பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகனைக் கூட்டிக்கொண்டு அவள் ஆலைக்குப் பின்தெருவில் வாடகைக்குப் போனாள். தம்பியோடு பேச்சு நின்றது. யாராவது அவரைத் திட்டினால் அவளுக்குப் பிடிக்காது. “நல்லா இருக்கட்டும். சொன்னதை எடுத்துக்கட்டும். வேற ஒண்ணும் வேணாம்” என்பாள். பாட்டுப்போல ஒரே ராகத்தில் சொல்வாள். மகன் வளர்ந்து வேலைக்குப் போய், வேறு பகுதியில் தனி வீடு பார்த்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் வந்துபோகும் காலம் வரைக்கும் அந்தப் பாட்டு மாறவில்லை.

போன மாதக் கடைசியில் மாமா மகனுக்கு போன் செய்தார்.

“மாப்பிள்ளை, நான்தான். வச்சிராதே.”

“வைக்கல, சொல்லுங்க.”

“உங்கம்மாவைச் சாப்பிடக் கூட்டிட்டு வரணும். ஒரு ஓட்டல் சொல்றேன். நான் கூப்பிட்டா வரமாட்டா. நீ கூட்டிட்டு வா.”

ஓட்டல் இருந்தது பழைய கோர்ட்டுக் கட்டடத்தில். கோர்ட்டு ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போனபின் அது பல காலம் பூட்டிக் கிடந்தது. நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கல் கட்டடம், இடிக்கக் கூடாது என்று உத்தரவு. யாரோ குத்தகைக்கு எடுத்துப் பெரிய ஓட்டலாக்கிவிட்டார்கள்.

மகன் சொன்னபோது அம்மா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“எந்த இடத்துல சொன்னானோ அந்த இடத்துலயே எடுத்துக்கப் போறான்டா” என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் போய்ப் புதுச் செருப்பு வாங்கி வந்தாள். பட்டை வைத்து, கொக்கி மாட்டும் செருப்பு.

புதன்கிழமை மத்தியானம். மாமா முன்கூட்டியே வந்து படியில் நின்றிருந்தார். பெரிய உடம்பாக இருந்தவர் வற்றிப்போயிருந்தார். மாமி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதை மகன் மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டிருந்தான். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“முடியெல்லாம் கொட்டிப்போச்சே உனக்கு” என்றாள் அம்மா.

“உனக்கு வெளுத்துப்போச்சு.”

“எனக்கு இருக்கே.”

உள்ளே நுழைந்த உடனேயே மகனுக்குத் தெரிந்துவிட்டது. மேலே கல் வளைவுகள். சுவரில் பூச்சைச் சுரண்டி எடுத்துச் செங்கல்லை வெளியே காட்டியிருந்தார்கள். தரை வழவழவென்று பளிங்கு. நடுவில் கண்ணாடித் தடுப்பு. கோர்ட்டாக இருந்தபோது மர பெஞ்சுகளும், கனத்த திரைகளும், கூரை வரை காகிதக் கட்டுகளும், நெருக்கியடித்து நின்ற ஜனங்களும் சத்தத்தைக் குடித்திருப்பார்கள். இப்போது குடிக்க ஒன்றும் இல்லை. அங்கே எழுந்த ஒவ்வொரு சத்தமும் சுவருக்குச் சுவர் அலைந்துகொண்டிருந்தது. ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல் அதன் முதுகில் ஏறியது. நல்ல காது உள்ளவர்களே எக்கி எக்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காது மெஷினுக்குப் பேச்சும் கரண்டியும் ஒன்றுதான். எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கும்.

“மாமா, அந்த மூலை மேஜை கேக்கலாமா? அங்க திரை இருக்கு. அம்மாவுக்கு வசதி.”

“இல்ல மாப்பிள்ளை. இந்த மேஜைதான். முன்னாடியே வந்து பாத்துச் சொல்லி வச்சிருக்கேன்.”

அது கூடத்தின் நடுவில், சாட்சிக் கூண்டுக்கு நேர் எதிரே இருந்தது. கூண்டை அப்படியே வைத்திருந்தார்கள். மெருகு போட்டு, உள்ளே ஆளுயரப் பூச்சாடி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். நீதிபதியின் மேடையில் விதவிதமான பாட்டில்கள்.

அம்மா சுற்றிப் பார்த்தாள். “ஜட்ஜு இருந்த இடத்துல பாட்டிலா? அப்பவும் சில நாள் அப்படித்தான் இருந்துச்சு.”

மாமா சிரிக்கப் பார்த்தார்.

மெனு அட்டையிலும் கோர்ட்டுதான். சூப் வகைகள் ‘முதல் விசாரணை’. அடுத்தது ‘குறுக்கு விசாரணை’. இனிப்புக்குத் ‘தீர்ப்பு’. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். அம்மா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாய்தா இல்லையா தம்பி?” என்று பரிமாறும் இளைஞரிடம் கேட்டாள்.

“அது மெனுவில இல்லம்மா. கிச்சன்ல இருக்கு. சாப்பாடு வர லேட்டாகும்.”

அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சூப் வந்தபோது, “இவ்வளவு பெரிய தட்டுல இவ்வளவு துளியா? யாரோ சாப்பிட்டு மிச்சம் வச்ச மாதிரி இருக்கே” என்றாள். அவர் குனிந்து, “ரெண்டாவது வர்றது இதைவிடச் சின்னதும்மா, மனசைத் தேத்திக்கோங்க” என்றார்.

அவள் காதால் கேட்கவில்லை, கண்ணால் பார்க்கிறாள் என்று மகனுக்குத் தெரியும். அவளும் தன் வழக்கப்படி கூடத்தின் அந்தக் கோடியைப் பார்த்துவிட்டு, “ஜன்னல் பக்கம் ஒரு ஜோடி உக்காந்திருக்கு பாரு. அந்தப் பொண்ணு அவனை வேணாங்கிறா. அவன் சாப்பிட்டு முடிச்சுப் பேசலாங்கிறான். நல்ல பசி போல” என்றாள். அவ்வளவு தூரத்தில் இருந்தவர்களின் பேச்சு ஒரு சொல் தப்பாமல் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாவது தட்டு வந்த பிறகு மாமா கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

“அக்கா,” என்றார். அதற்கப்புறம் தட்டைப் பார்த்துத்தான் பேசினார். ஒரு கை நெற்றியில், ஒரு கை வாய்க்கு முன்னால். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த மகனுக்கே பாதி காதாலும் பாதி ஊகத்தாலும்தான் கிடைத்தது.

“அவளுக்குக் கடைசி நாலு மாசம் நான்தான் ஊட்டினேன். வாய்கிட்டக் கொண்டுபோனா மூஞ்சியைத் திருப்பிக்கிறா. கெஞ்சினேன். அடிக்கக்கூடக் கை ஓங்கினேன் அக்கா. முழுங்கமாட்டேங்கிறா. என் கண்ணு முன்னாடி கரைஞ்சு போயிட்டா. பாக்க வந்தவங்க என்னைப் பாத்துட்டு, அவளைப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம போனாங்க. அப்பத்தான்...” நிறுத்தினார். “அப்பத்தான் தெரிஞ்சுதுன்னு சொன்னா அதுவும் பொய். எனக்கு அன்னிக்கே தெரியும். அப்பாவை நீ பட்டினி போடலேன்னு தெரிஞ்சுதான் அந்தக் கூண்டுல ஏறிச் சொன்னேன். நான் சொன்னது பொய். அத்தனையும் பொய். அதை எடுத்துக்கிறேன் அக்கா.”

அவர் தோள் குலுங்கியது. பின்னால் ஏதோ மேஜையில் பிறந்தநாள் போலும், கை தட்டினார்கள். கூடம் முழுக்கத் தட்டுவதுபோல் அது திரும்பத் திரும்ப வந்தது.

அம்மா தம்பியின் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். கையை நீட்டி அவர் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“சரி, சரி. சாப்பிடு. ஆறிப்போகுது.”

மாமா நிமிர்ந்தார். முகம் நனைந்திருந்தது. இருபது வருஷ மூட்டையை இறக்கிவைத்தவர்போல் நீளமாக மூச்சு விட்டார். பிறகு சாப்பிட்டார், நன்றாகவே சாப்பிட்டார். ‘தீர்ப்பு’ இரண்டு வரவழைத்தார். கிளம்பும்போது கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மாதான் பார்த்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, துடைத்து, பெட்டியில் வைத்தாள். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்னடா சொன்னான்?”

மகனுக்கு முதலில் புரியவில்லை. “எது?”

“ஓட்டல்ல. அழுதானே. அப்ப என்ன சொன்னான்?”

“உனக்குக் கேக்கலையா?”

“ஒரே கரண்டிச் சத்தம். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டுப் பேசினா எனக்கு எப்படித் தெரியும்? ‘அக்கா’ங்கிறது ஒண்ணுதான் தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏம்மா தலையாட்டினே?”

“அழறவன்கிட்ட, எனக்குக் கேக்கல, இன்னொரு தடவை சொல்லுன்னா கேக்க முடியும்?”

மகன் எதிரே உட்கார்ந்தான். அவள் பார்க்க வசதியாக முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினான். “அம்மா, மாமா என்ன சொன்னார்னா...”

அவள் கையை நீட்டி அவன் வாயை மூடினாள். பூண்டு வாசம் அடித்தது.

“நீ சொல்லாதே.”

“நல்லதுதாம்மா. நீ நினைச்சதுதான்.”

“இருக்கட்டும். சொன்னது அவன். எடுத்துக்க வேண்டியதும் அவன். நீ சொன்னா அது நீ சொன்னதாத்தான் இருக்கும். அந்த வாய் அசையுறதை நான் பாக்கணும்டா. அன்னிக்குப் பாத்த மாதிரியே பாக்கணும்.”

“அவர்கிட்ட, அம்மாவுக்குக் கேக்கலையாம்னு நான் போன்ல சொல்லவா?”

“ஐயோ, வேணாம். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னானோ, அது வீணாப்போச்சுன்னு தெரிஞ்சா ஒடிஞ்சுபோவான். கண்ணாடி எங்கிட்ட இருக்கு. அதைக் குடுக்கப் போறேன். போய், ரெண்டு வார்த்தை பேசிட்டு, அப்படியே நைசா கேட்டுக்கிறேன். எதிரே உக்காத்திவச்சு, நிமிரவச்சு.”

அன்றிரவு மகன் அங்கேயே தங்கினான். மறுநாள் காலை அவன் போனைப் பிடித்துக்கொள்ள, அவள் பேசினாள். “ஞாயித்துக்கிழமை வரேன்டா. உன் கண்ணாடி எங்கிட்ட இருக்கு... என்ன? கேக்கல. எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம். பத்து மணிக்கு வந்துருவேன்.” மகன் போனை வைத்ததும், “வேற கண்ணாடி வாங்கிட்டேன், நீ அலையாதேன்னு சொல்லியிருப்பான். அதுக்குத்தான் கேக்கலேன்னேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் தன் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். மாமாவிடமிருந்து போன்.

“மாப்பிள்ளை, பத்து மணிக்கு வரேன்னா. இன்னும் காணோம். பஸ் ஏத்தி விட்டியா?”

“நான் போகல மாமா. தனியா வர்றதாச் சொன்னா.”

“சரி, வந்துருவா. பஸ்ஸு கூட்டமா இருக்கும்.”

மகன் ஈரக் கையோடு கிளம்பினான்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவனிடம் பின்கட்டுச் சாவி இருந்தது. அம்மா வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போகும் துணி. தலை வாரியிருந்தது. வலது காலில் செருப்புக் கொக்கி மாட்டியிருந்தது. இடது செருப்பின் பட்டை திறந்து கிடந்தது. பை மடியில். கை பையின் மேல். குனிந்து கொக்கியை மாட்டுவதற்கு முன் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று சாய்ந்ததுபோல் இருந்தாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு இதயம் என்றார். வலி தெரிந்திருக்காது என்றார். மகன் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

காது மெஷின் காதில் இருந்தது. அவன் அதைக் கழற்றியபோது கைக்குள் வந்ததும் அது மெல்ல விசிலடித்தது. வேலை செய்கிறது என்று அர்த்தம். சல்லடை சுத்தம், பேட்டரி புதுசு. எதுவும் பழுதில்லை. பேட்டரிக் கதவைத் திறந்ததும் விசில் நின்றது. அம்மாவோடு இத்தனை வருஷத்தில் அவள் காதில் இருந்து அவன் அதைக் கழற்றியது அதுதான் முதல் தடவை. எப்போதும் அவளே கழற்றிக் கொடுப்பாள்.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, மாமா மட்டும் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். மகன் தேநீர் போட்டான். ஆலையில் அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்கள் வாசலில் நின்று, பழக்க தோஷத்தில் சத்தமே இல்லாமல், உதட்டால் மட்டும் பேசிக்கொண்டதை மகன் பார்த்திருந்தான். அவனுக்கு அது படிக்கத் தெரியாது. அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பாள். மேஸ்திரியிடம் சொன்னது என்ன என்று அவர்களில் ஒருத்தியிடம் கேட்கலாமா என்று நினைத்தான். கேட்கவில்லை.

மேஜைக்கு இந்தப் பக்கம் மாமா. அந்தப் பக்கம் மகன். துவாலை அப்படியே நான்கு மடிப்பாகக் கிடந்தது. பிரிஜ் ஓடி நின்றது. அதற்குப் பிறகு அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலில் திரை, மூலையில் மடித்து வைத்த மெத்தை. எதிரொலி துளியும் இல்லாத அறை.

“ஒரு கண்ணாடிக்காகவா அவ்வளவு தூரம் வர நினைச்சா” என்றார் மாமா. “வேற வாங்கிட்டேன், வராதேன்னு போன்லயே சொன்னேனே.”

“உங்களைப் பாக்கணும்னுதான் மாமா.”

“பாக்கணும்னு நினைச்சிருக்கா.” அவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தினார். இப்போது குனியவில்லை, வாயைப் பொத்தவில்லை, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. “அன்னிக்கு மட்டும் நான் சொல்லாம விட்டிருந்தா, இன்னிக்கு என்ன ஆயிருக்கும் எனக்கு? சொல்லிட்டேன் மாப்பிள்ளை. நான் சொன்னதைக் கேட்டுட்டுத்தான் போயிருக்கா. நீயும் பக்கத்துல இருந்தே. கேட்டா இல்ல?”

மகன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். கண் சிவந்து, வாய் கொஞ்சம் திறந்து, அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

மகன் தலையை ஆட்டினான்.

“குடிங்க மாமா. ஆறிப்போகுது.”

அவர் போகும்போது மகன் அம்மாவின் பையைத் திறந்தான். பஸ் அட்டை, கைக்குட்டை, மாற்று பேட்டரி ஒரு சரம், வழியில் தலை சுற்றினால் போட்டுக்கொள்ள ஒரு மிட்டாய். அடியில், கீறல் விழாமல் இருக்கத் துணியில் சுற்றி, மாமாவின் பழைய கண்ணாடி. எடுத்துக் கொடுத்தான். மாமா புதியதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பழையதை மாட்டிக்கொண்டார். அம்மா அதைத் துடைத்து வைத்திருந்தாள்.

கண்ணாடி போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே போய், எதிரே உட்கார்ந்து, அவள் கேட்டு வர வேண்டியதுதான் பாக்கி.